வீடு திரும்பும் பெண்

மருத்துவத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சத்திரசிகிச்சையாளரின் பெயரையும், அவர் கத்தியைக் கையிலெடுத்த ஆண்டையும் குறித்துவைத்தனர். அவரிடம் சிகிச்சை பெற்றவள் பின்னர் எவ்வீட்டுக்குத் திரும்பினாள், அங்கு அவளுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர் யார், அடுப்பை மூட்டியவர் யார் என்பவற்றைக் குறித்தாரில்லை. வரலாறு அரசர்களின் பெயர்வரிசையன்று, மக்கள் வாழ்ந்த முறையின் கதையே என்பதை நாம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாயிற்று. ஆயினும் நோயின் வரலாற்றை மட்டும் இன்னமும் அரசர்களின் வரலாற்றைப் போலவே படித்து வருகிறோம். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை நோயாளியின் வீட்டு வாசலில் நின்று நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

இவ்வெண்ணத்தை எம்முள் எழுப்பியது ஒரு வரவு இடாப்பு. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாடசாலை ஒன்றிலே கற்பிக்கும் நாம், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயருக்கெதிரே ஆறு கிழமைகளாகத் தொடர்ந்து வரவின்மைக் குறியையே இட்டு வந்தோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அதிக காலம் இருக்கவில்லை. விசாரித்தபோது, "வீட்டிலே அலுவல்" என்ற மறுமொழி மாத்திரமே கிடைத்தது. அவளது தாய்க்கு மார்பகத்தில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதும், தாயைப் பராமரிக்கவும் வீட்டாருக்குச் சமைக்கவும் வேறொருவரும் முன்வராமையால் அவள் பாடசாலையை விட்டு நின்றாள் என்பதும் பின்னரே தெரியவந்தன. 'அலுவல்' என்ற அச்சிறு சொல்லுக்குள் ஒரு நீண்ட வரலாறு ஒடுங்கிக் கிடக்கிறது.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் வீடே சத்திரசிகிச்சைக் கூடமாக இருந்தது. ஃபானி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு 1811ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸ் நகரில், அவர் வாழ்ந்த வீட்டிலேயே, மார்பகம் நீக்கப்பட்டது. கத்தியைப் பிடித்தவர் நெப்போலியனின் படையோடு சென்று புகழ்பெற்ற லரே என்பார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. வைன் கலந்த பானம் ஒன்றே அவருக்கு அளிக்கப்பட்டது. மறு ஆண்டில், தம் சகோதரிக்குப் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக எழுதிய கடிதமொன்றில் அவர் இந்நிகழ்ச்சியை விவரித்தார். சத்திரசிகிச்சையின் கொடுமையைக் கூறும் பகுதிகளையே பலரும் எடுத்துக்காட்டுவர். எமது நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. வைத்தியர்கள் வருமுன், கணவரையும் மகனையும் வீட்டை விட்டு அப்பாற்படுத்தும் ஏற்பாட்டை அவரே செய்தார். அறையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது. காயத்துக்குக் கட்டவென அடுக்கிவைத்த துணிகளையும் பஞ்சையும் தம் கண்ணாலேயே கண்டார். கத்தியின் கீழ்ப் படுக்கப்போகின்றவளே வீட்டையும் ஆயத்தஞ் செய்ய வேண்டியிருந்தது. அவர் அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840இல் காலமானார்.

இதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1804 அக்டோபர் 13ஆம் திகதி, யப்பானிய வைத்தியரான ஹனவோகா செய்ஷூ மூலிகைகளாலான மயக்கமருந்தைக் குடிக்கச்செய்து அறுபது வயதுப் பெண்ணொருத்தியின் மார்பகக் கட்டியை நீக்கியிருந்தார். அம்மருந்தைச் சோதித்துப் பார்க்க அவருடைய தாயும் மனைவியும் தம் உடலைக் கொடுத்தனர் என்றும், மனைவி அதனாற் பார்வையிழந்தார் என்றும் கூறுவர். நோயாளியும் பெண், சோதனைப் பொருளும் பெண். நூல்களில் நிலைத்த பெயரோ வைத்தியருடையது.

1846இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்தாகப் பயன்பட்டமை பகிரங்கமாகக் காட்டப்பெற்றது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்போலிக் அமிலத்தைக் கொண்டு காயம் அழுகுவதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் தம் உடன்பிறந்த சகோதரிக்கு மார்பகச் சத்திரசிகிச்சை செய்தார். அதுவும் கிளாஸ்கோ நகரில், தமது வீட்டின் உணவு மேசையின் மீதே நடந்தது. அதன் பின்னரே சத்திரசிகிச்சை படிப்படியாக வீட்டை விட்டு வைத்தியசாலைக்கு இடம்பெயர்ந்தது. ஆயின் ஒன்றை இங்கு மனங்கொள்ள வேண்டும். கத்தி வீட்டை விட்டுச் சென்றதேயன்றி, காயம் ஆறும் காலம் வீட்டை விட்டுச் செல்லவில்லை. வைத்தியசாலை சில நாட்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எஞ்சிய மாதங்களை வீட்டுப் பெண்களின் தலையில் வைத்தது.

அந்த மாதங்களின் பாரத்தைப் பெருக்கியவர் அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட். 1882இல் அவர் தொடங்கிய முறையில் மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளும் கமுக்கட்டின் நிணநீர் முடிச்சுகளும் ஒருசேர நீக்கப்பட்டன. 1894இல் ஐம்பது நோயாளிகளின் விபரங்களை அவர் வெளியிட்டார். நோய் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவதை அம்முறை பெரிதும் குறைத்தமையால் உலகமெங்கும் பரவிற்று. அக்காலத்துக்கு அது ஒரு முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவை பெண்களின் கைகள். தோள் இறுகிற்று, கை வீங்கிற்று, நெஞ்சு குழிவிழுந்தது. தலைவாரவும் உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கவும் இயலாமற்போன பெண்கள் பலர். 'குணமடைந்தவள்' என்று வைத்தியசாலையின் ஏட்டில் எழுதப்பெற்றவள், வீட்டின் ஏட்டிலே வேலைக்கு உதவாதவள் ஆனாள்.

இந்நிலைக்கு எதிரான குரல் நோயாளர் மத்தியிலிருந்தும் எழுந்தமை வரலாற்றின் நியதிக்கு ஒத்ததே. நியூயோர்க்கைச் சேர்ந்த தெரீஸ் லாசர் 1952இல் இச்சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். கையை எவ்வாறு அசைப்பது, எவ்வகை ஆடை அணிவது, வீட்டில் எவ்வேலையை எப்போது தொடங்குவது என்ற வினாக்களுக்கு அவருக்கு விடையளிப்பாரில்லை. தாமே பயிற்சிகளை வகுத்துக்கொண்டு தேறிய அவர், பின்னர் வைத்தியசாலைகளுக்குச் சென்று, சத்திரசிகிச்சை முடிந்து கிடந்த பெண்களைச் சந்திக்கலானார். கையைப் பழக்குவதற்கு ஒரு றப்பர்ப் பந்து, ஒரு கயிறு, இழந்த மார்பின் இடத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இலேசான அணை ஆகியனவே அவர் கொண்டுசென்றவை. அனுமதியின்றி நோயாளரிடம் செல்கிறார் என்று முகஞ்சுளித்த வைத்தியர்களும் இருந்தனர். அவர் தொடங்கிய இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் பணியாக ஏற்றுக்கொண்டது. அனுபவப்பட்ட பெண்ணொருத்தி புதிதாக நோயுற்றவளின் கட்டிலருகே சென்று அமர்வதே அவ்வியக்கத்தின் சாரம்.

அக்காலத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. கட்டி எத்தகையது என்று அறிவதற்கென மயக்கப்பட்ட பெண், விழிக்கும்போது மார்பகத்தை இழந்திருப்பாள். சோதனையும் நீக்கமும் ஒரே மயக்கத்திலேயே நடந்தன. தன் வீட்டைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ திட்டமிட அவளுக்கு ஒருநாள் அவகாசமும் தரப்படவில்லை. பத்திரிகையாளரான றோஸ் குஷ்னர் இதனை எதிர்த்து எழுபதுகளிற் போராடினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் மாநாடு, சோதனை வேறு, சத்திரசிகிச்சை வேறு என இரண்டாகப் பிரித்துச் செய்வதை ஆதரித்தது. வீட்டை ஆயத்தஞ் செய்யும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது இவ்வாறே. அவ்வுரிமை போராடிப் பெறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் இத்தாலியில் வெறோனேசியும் அமெரிக்காவிற் பேர்னாட் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகள், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சளித்தாலும் தகுந்த நோயாளர்க்கு ஆயுள் குறைவதில்லை என்பதை 1981இலும் 1985இலும் நிறுவின. இருபதாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து வெளியிட்ட 2002ஆம் ஆண்டு முடிவுகளும் அதனையே உறுதிசெய்தன.

இனி எமது மண்ணை நோக்குவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ் மாணவர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' என்னும் பெருநூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. லிஸ்டர் தம் வீட்டு மேசையின் மீது சகோதரிக்குச் சிகிச்சை செய்த அதே ஆண்டு அது. அன்று சத்திரசிகிச்சை நூலொன்றைத் தமிழில் தர இயன்றது. இன்று வீடு திரும்பும் நோயாளியின் கையில், அவளுக்கு விளங்கும் தமிழில் ஒரு பக்க அறிவுரையைக் கொடுப்பது ஏன் எல்லாவிடத்தும் வழக்கமாகவில்லை? தமிழ் கற்று ஆசிரியத் தொழில் செய்யும் எம்மவர்க்கும் இக்கேள்வியில் ஒரு பங்கு உண்டு.

ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய பெண்களுக்கென 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை தோன்றியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பெற்று, மருத்துவமாது வீடுதேடிச் செல்லும் முறை வேரூன்றியது. சென்னையில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது பன்னிரண்டு கட்டில்களோடு பணியைத் தொடங்கியது. இலங்கையில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை 1958இல் நிறுவப்பட்டது. 1980இல் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் உருவாயிற்று. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அங்கு முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களின் மார்பகங்களைப் பரிசோதிக்க வழியுண்டு. கட்டணமின்றி இத்தனையும் கிடைப்பது இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு என்பதிற் சந்தேகமில்லை.

ஆனால் மகரகமை திருகோணமலையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. எமது துறைமுகத்தின் வரலாறு விசித்திரமானது. உலகின் பெரும் இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் இதனைக் கைக்கொள்ளப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பொருதினர். ஆங்கிலேயர் தம் மாலுமிகளுக்கெனக் கடற்படை வைத்தியசாலை ஒன்றையும் இங்கு நடத்தினர். 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டுவீசின. 1957இற் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கப்பல்கள் வந்துசேர இத்தனை வசதி படைத்த இடம், நோயுற்ற பெண்ணொருத்தி வீடு வந்துசேர வசதியற்றதாகவே நெடுங்காலம் இருந்தது.

கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவோர் 2009 அக்டோபரிற் பாலம் திறக்கப்படும்வரை பாதையேறியே நீரைக் கடக்க வேண்டியிருந்தது. மூதூரார் கொட்டியாரக் குடாவை வள்ளத்திற் கடந்தனர். ஆறாத காயத்தோடு, வடிகுழாயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, பாதையின் ஓரத்தில் நின்றிருக்கக்கூடிய பெண்ணை எண்ணிப்பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கிண்ணியா வைத்தியசாலையையும் விட்டுவைக்கவில்லை. 2006இல் மூதூர்ப் பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் யுத்தத்தினால் இடம்பெயர்ந்தனர். 'வீட்டிலே ஓய்வெடுங்கள்' என்ற வைத்திய அறிவுரைக்கு முதலில் வீடு ஒன்று வேண்டும். அது இல்லாத ஆண்டுகளையும் இம்மாவட்டம் கண்டிருக்கிறது. இன்று பாலங்கள் வந்துள்ளன. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதி தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவிற்று. ஆயினும் சத்திரசிகிச்சையின் பின் கிழமையில் ஐந்து நாட்களாகச் சில கிழமைகள் கதிர்வீச்சுப் பெற வேண்டியவள், வெளியூரிலேயே தங்க நேர்கிறது. அவள் திரும்பும்போது, வீடும் அவளைப்போலவே களைத்திருக்கிறது.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியமாகிறது. நமது சமூகத்துக்கு ஒரு பெண்ணை உடல் தேற்றி எடுக்கத் தெரியாதென்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கென்று ஒதுக்கிவைத்தவர்கள், அதன் பெயரால் அவளுக்கு ஓய்வும் கொடுத்தனர். சரக்கரைத்துக் கொடுக்க ஒருவர், வெந்நீர் வார்க்க ஒருவர், பத்தியக்கறி சமைக்க ஒருவர் என்று கடமைகள் வகுக்கப்பட்டன. முஸ்லிம் மக்கள் நாற்பது நாட்களைக் கணக்கிட்டனர். அதிற் கழிக்க வேண்டிய மூடநம்பிக்கைகள் உள. எனினும் கணக்கு ஒன்று இருந்தது. சந்ததி ஒன்றைத் தந்தவளுக்கு இத்தனை நாட்கள் என்று ஒப்புக்கொண்ட சமூகம், மார்பகம் ஒன்றை இழந்து வந்தவளுக்கு எத்தனை நாட்கள் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. முன்னையது மங்கலம், பின்னையது மறைக்கவேண்டிய செய்தி. நோயின் பெயரைக் கூடச் சொல்லாமல் 'அந்த வருத்தம்' என்பர். மகளின் கலியாணம் தடைப்படும் என்ற அச்சம் தாயின் நாவைக் கட்டுகிறது. சிலர் கட்டியைக் கண்ட பின்னரும் மாதக்கணக்காக மறைத்து, காலங்கடந்தே வைத்தியரிடம் செல்கின்றனர். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே என்ற உண்மை, இம்மௌனத்தின் கொடுமையை நன்கு உணர்த்தும்.

வீட்டை ஆயத்தஞ் செய்வதென்பது பெருஞ்செலவான காரியமன்று. அவள் வைத்தியசாலைக்குச் செல்லுமுன்னரே செய்யத்தக்கது அது. அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களையும் மருந்துகளையும் இடுப்பளவு உயரத்துக்கு இறக்கி வைத்தல், தலைவழி அணியாது முன்புறம் திறக்கும் தளர்ந்த சட்டைகள் சிலவற்றைத் தைத்து வைத்தல், கையைத் தாங்கச் சிறு தலையணை ஒன்றைத் தேடுதல் ஆகியனவே முதல் வேலைகள். கிணற்றிலே வாளியிழுத்தல், தேங்காய் துருவுதல், இடியப்பம் பிழிதல், ஈரத்துணி முறுக்குதல், குழந்தையைத் தூக்குதல் ஆகிய யாவும் நெஞ்சையும் தோளையும் வருத்தும் வேலைகள். இவற்றை வைத்தியர் அனுமதிக்கும்வரை வேறொருவர் செய்தாக வேண்டும். வடிகுழாயோடு வீடு திரும்பினால், கைகளைக் கழுவிய பின் அதில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து எழுதி வைத்தல் வேண்டும். அவ்வளவு குறைந்து வருவதைக் கண்டே வைத்தியர் குழாயை அகற்றுவார். காய்ச்சலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்போ, புதிய வீக்கமோ, நாற்றமுள்ள கசிவோ கண்டால் 'பார்ப்போம்' என்று இராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அதேவேளை கையை அசையாது வைத்திருப்பதும் தவறாகும். கற்பித்தபடி விரல்களாற் சுவரிலே சிறிது சிறிதாக மேலேறிப் பழகாவிடின் தோள் இறுகிவிடும். நிணநீர் முடிச்சுகள் நீக்கப்பட்ட பக்கத்துக் கை வீங்கும் இயல்புடையதாகையால், மீன் வெட்டும்போதும் அடுப்படியிலும் அக்கையிற் காயமோ சூடோ படாது காத்தல் பல்லாண்டுகளுக்கு வேண்டிய கவனமாகும்.

இவற்றுள் எதுவும் ஓர் ஆணாற் செய்ய முடியாததன்று. ஆனால் நடப்பது என்ன? தாயின் வேலை மகளுக்கும், மகள் இல்லாவிடிற் சகோதரிக்கும், அவளும் இல்லாவிடின் காயம் ஆறுமுன்னரே மீண்டும் அத்தாய்க்கும் வந்துசேர்கிறது. இலவச வைத்தியம் என்று நாம் பெருமைப்படும்போது, அதன் மறைமுகச் செலவு ஏதோவொரு வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பிலிருந்து கழிக்கப்படுவதைக் காண்பதில்லை.

எமது மாணவியின் வீட்டுக்கு நாம் ஒருநாள் சென்றோம். கடலுக்குச் செல்லும் தந்தை அன்று வீட்டிலிருந்தார். பதினெட்டு வயது நிரம்பிய தமையனும் இருந்தான். அடுப்படியில் நின்றவளோ அவள்தான். தாயைப் பற்றி விசாரித்தபோது அவள் ஒரு கொப்பியை எடுத்து வந்து காட்டினாள். முன்பக்கங்களில் கேத்திரகணிதம் இருந்தது. அது பாதியில் நின்றிருந்தது. பின்பக்கத்திலிருந்து காலை, மாலை என இரு நிரல்கள் வரையப்பட்டு, வடிகுழாயில் நாள்தோறும் சேர்ந்த நீரின் அளவுகள் மில்லிலீற்றரில் எழுதப்பட்டிருந்தன. எண்பது, எழுபது, ஐம்பத்தைந்து என்று இறங்கி, இருபதிலே அந்நிரல் முடிந்திருந்தது. ஒரு நாளேனும் விடுபடவில்லை. "அம்மா இப்ப தலைக்கு மேல கை தூக்குறா, ரீச்சர்" என்றாள்.

அக்கொப்பிக்கு நாம் எத்தனை புள்ளி இடுவது? தமையனிடம், "நீர் ஏன் இதில் ஒரு நாளாவது எழுதவில்லை?" என்று கேட்டோம். "எனக்குத் தெரியாது, ரீச்சர்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அவனைப் பாடசாலையில் வைத்திருந்த எம்மவரும் கற்பிக்கவில்லை. தந்தை சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, அடுத்த திங்கள் முதல் அவள் பாடசாலைக்கு வருவாள், சோற்றைத் தாம் வடிப்பதாகக் கூறினார். சொன்னபடியே அவள் வந்தாள்.

ஒரு வீட்டில் நடந்ததை நாட்டின் தீர்வென்று கூற நாம் முற்படவில்லை. எனினும் செய்யத்தக்கவை தெளிவாகவே உள்ளன. பிள்ளை பெற்றவளின் வீடுதேடிச் செல்லும் மருத்துவமாது, சத்திரசிகிச்சை முடிந்தவளின் வீட்டுக்கும் செல்லும் வண்ணம் அவளது பணி விரிவடைய வேண்டும்; அதற்கேற்ப ஆளணியும் பெருக வேண்டும். தெரீஸ் லாசர் செய்ததைப்போல, தேறிய பெண்கள் புதிதாக நோயுற்றவர்களைச் சந்திக்கும் சிறு குழுக்கள் துறைமுக வீதியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் தோன்ற வேண்டும். அவற்றிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே அமர வேண்டும், இந்நோய் மதமும் மொழியும் பார்ப்பதில்லையாதலால். வீடு திரும்புவோருக்கான அறிவுரை நல்ல தமிழில் அச்சிடப்பட வேண்டும். நோயாளியைப் பராமரிக்கும் கல்வி ஆண் மாணவர்களுக்கும் உரியதாக வேண்டும்.

ஃபானி பர்னி தம் கணவரையும் மகனையும் அப்பாற்படுத்திவிட்டே சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். அவர்களால் அக்காட்சியைத் தாங்க இயலாதென்று அஞ்சினார். இருநூறு ஆண்டுகளின் பின்னும் நமது பெண்கள் அவ்வாறே ஆண்களைக் காப்பாற்றி வருகின்றனர். இனி அவர்கள் வீட்டினுள்ளே வரட்டும். வந்து, அந்தக் கொப்பியையும் பேனையையும் கையில் எடுக்கட்டும்.